போதகரின் கட்டைவிரல்

ஜனவரி 1, வெள்ளி

புத்தாண்டு ஆராதனை காலை ஒன்பது மணிக்கு. செவ்வாய்க் கிரகத்துக்கு வந்து ஆறு வருடமாகியும், ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை சற்குணத்துக்கு அவசரம் போகவில்லை. ஐந்து நிமிடம் முன்னதாகவே மணியடித்துவிட்டார். ஆலயம் என்பது பழைய உப்புக் கிடங்குதான். எவ்வளவு பெருக்கினாலும் முழங்கால் போட்டவர்கள் வெள்ளை முட்டியோடுதான் எழுகிறார்கள்.

இந்த உப்பு நிலையத்தில் மொத்தம் முப்பத்தொரு பேர். என் சபையார் பதினேழு பேர். ஆனால் வாக்குத்தத்த அட்டை எடுக்க முப்பத்தொரு பேரும் வந்துவிட்டார்கள். ஊர் வழக்கம் அப்படியே இங்கும். வசனம் எழுதிய அட்டைகள் ஒரு ரொட்டி டப்பாவில் நிற்கும். கண்ணை மூடி ஒன்றை எடுக்கவேண்டும். வருகிற வாக்கு அந்த வருடம் முழுவதற்கும் ஆண்டவர் தனக்கென்று தந்தது.

பீர் முகமது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். துருத்தியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். காற்று உண்டாக்கும் இயந்திரத்துக்கு இங்கே துருத்தி என்று பெயர். "எனக்கும் ஒண்ணு நல்லதாப் பாத்துக் குடுங்க ஐயா" என்றார்.

"நான் எங்கே குடுக்கேன்? நீங்கதானே எடுக்கப் போறிய" என்றேன்.

டப்பாவை நான் பிடித்தேன். இந்த வருடமும் அவரவருக்கு ஏற்றபடியே அமைந்தது. மாசமாக இருக்கும் லில்லிக்குக் குழந்தைப்பேற்றைப் பற்றியது. சுரங்கச் சரிவில் கணவனைப் பறிகொடுத்த ரூபாவதிக்கு, உன்னைத் தனியே விடமாட்டேன் என்கிற வாக்கு. தொடர்ந்து மூன்றாவது வருடம். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "கர்த்தருக்கு என் வீட்டு விலாசம் தெரியுது ஐயா" என்றாள்.

என் மனைவி நவமணிக்குச் சுகத்தைப் பற்றிய அட்டை. வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இருமினாள். உப்புத் தூசி அவள் நெஞ்சில் இறங்கி ஒன்றரை வருடமாகிறது.

அட்டையின் ஓரம் என் கட்டைவிரலைக் கீறிவிட்டது. வருடாவருடம் இதே தொல்லை.

ஜனவரி 8

இந்தத் தேதி எங்களுக்குக் கிடையாது. இங்கே ஒரு நாள் பூமியின் நாளைவிட நாற்பது நிமிடம் நீளம். முப்பத்தாறு நாள் வாழ்ந்து முப்பத்தேழாவது தேதியைத் தாண்டிக் குதிக்கிறோம். இல்லையென்றால் ஊரில் ஈஸ்டர் முடிந்த பிறகு நாங்கள் இங்கே லெந்து உபவாச நாள் அனுசரித்துக்கொண்டிருப்போம்.

ஜனவரி 19, செவ்வாய்

துருத்தியின் மூன்று உருளைகளில் இரண்டு விரிசல் விட்டுவிட்டன. பீர் முகமதும் அவர் உதவியாளர் ஞானராஜும் இரண்டு நாளாகக் கீழே கிடக்கிறார்கள். நவமணி சோறு கொடுத்தனுப்பினாள். பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது.

ஜனவரி 22, வெள்ளி

நிலைய மேலாளர் வாசுகி எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டிச் சொல்லிவிட்டார். மிச்சமுள்ள ஒரு உருளை பன்னிரண்டு பேருக்குத்தான் காற்று கொடுக்கும். அதுவும் பழுதாகாமல் இருந்தால். வடக்கு நிலையத்திலிருந்து பூமிக்குப் போகும் கப்பல் மார்ச் 3 அன்று இங்கே இறங்கிப் பத்தொன்பது பேரை ஏற்றிக்கொள்ளும். அடுத்த கப்பலுக்கு இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகும்.

லில்லியின் மூத்த பயல் மட்டும் "நாம ஊருக்குப் போறோமா?" என்று கேட்டான்.

ஜனவரி 26, செவ்வாய்

நோயாளிகளுக்கு முதலிடம் என்று மேலாளர் சொல்லிப் பார்த்தார். மறுநாள் விடிந்தால் நிலையத்தில் ஆரோக்கியமான ஆள் ஒருவரும் இல்லை. உப்புப் பாத்தியில் இரண்டு ஆள் சுமையைத் தனியாகத் தூக்குகிற சற்குணம்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் யாரையும் பழிக்கமாட்டேன். பயம் வந்தால் உடம்பில் எல்லா இடமும் வலிக்கத்தான் செய்யும்.

ஆகவே சீட்டுக் குலுக்கல். மூன்று பிள்ளைகளும் இரண்டு தாய்மாரும் சீட்டில்லாமல் போகலாம். பீர் முகமதும் ஞானராஜும் சீட்டில்லாமல் தங்கவேண்டும். மீதி இருபத்துநான்கு பேரில் பதினாலு பேருக்குப் பயணம், பத்துப் பேருக்குத் தங்கல்.

மத்தியானம் வாசுகி எங்கள் அறைக்கு வந்தார். கோயம்புத்தூர்க்காரர். பேச்சில் மரியாதை குறையாது. "கணினி குலுக்கினா கம்பெனி வேலைன்னு சொல்லுவாங்க. என் கையையும் நம்ப மாட்டாங்க. வருஷா வருஷம் அந்த டப்பாவுல எடுக்கறாங்கல்லங்க, அதுலயே எடுக்கறோம்னு எல்லாரும் ஒரே வாயா சொல்றாங்க. நீங்க பிடிச்சாப் போதுமுங்க. உங்க கை சுத்தமான கை."

சரி என்றேன். நவமணி உள்ளே இருமிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 31, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் விதிகள் பேசினோம். வந்த சீட்டை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளக் கூடாது. மாற்றலாம் என்று விட்டால் அழுத்தமானவன் இளகினவனிடமிருந்து பிடுங்கிக்கொள்வான். யாராவது பயணத்தை விட்டுக்கொடுத்தால் அந்த ஓர் இடத்துக்குத் தங்குகிறவர்கள் மறுபடி சீட்டு எடுக்கவேண்டும். இரண்டு விதியையும் சொன்னவன் நான்தான். எல்லோரும் கை தூக்கினார்கள்.

பிப்ரவரி 6, சனி

ஆலயத்தில் விளக்கு மாற்றினேன். நவமணி தூங்கவில்லை. நிலைய மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்க இன்னொரு வருஷம் தாங்காது பாஸ்டர். அங்க போனா மருந்து இருக்கு" என்றார். நவமணியிடம் மருந்து மாற்றித் தருவார்களாம் என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 13, சனி

சீட்டுகளை வெட்டினேன். பழைய ஞாயிறு அறிக்கைகளின் பின்பக்கம். பதினாலில் "பயணம்", பத்தில் "தங்கல்". ஒரு பயணச் சீட்டு மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரமாகிவிட்டது. காகிதத்தை வீணாக்க வேண்டாம் என்று அப்படியே வைத்தேன்.

நவமணி அடுக்கிக் கொடுக்க வந்தாள். சீட்டுகளை மேஜையில் தட்டி நேராக்கினாள். ஒன்று தலைதூக்கி நின்றது. கத்தரியை எடுத்து அதன் தலையை நறுக்கிச் சமமாக்கினாள். கத்தரியை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் பருப்பு வேகவைக்கப் போனாள்.

பிப்ரவரி 14

பூமியில் இன்று ஞாயிறு. எங்களுக்கு இந்தத் தேதி இல்லை. இல்லாத நாளில் எழுதினால் எழுதினதாகாது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் முதல் சபையில், நான் ஊழியத்துக்கு வந்த வருடம், ஒரே பிள்ளையை அடக்கம் பண்ணி இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு தாய் புத்தாண்டு அட்டை எடுத்தாள். வீடு நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள் என்ற வாக்கு வந்தது. அவள் அதை வாசித்தாள். மடித்தாள். என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த வருடம் அவள் கண்ணை மூடிக் கையை நீட்டியபோது, அவளுக்கென்று நான் எடுத்துவைத்த அட்டையைக் கட்டைவிரலால் அரை அங்குலம் தூக்கிப் பிடித்தேன். விரலுக்கு முதலில் தட்டுப்படுவதைத்தான் எவரும் எடுப்பார்கள்.

அது இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால். அன்றிலிருந்து ஒரு வருடமும் தவறவில்லை. ஆண்டவருக்குக் கைகொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குக் கை இல்லையென்று நினைத்தேனோ என்னவோ.

நேற்று ராத்திரி நவமணி சொன்னாள், "வருஷா வருஷம் நீங்க செய்யிறது எனக்குத் தெரியும். அது ஆறுதல், போகட்டும்னு இருந்தேன். இது அப்படி இல்ல. எனக்கு நீங்க தூக்கிப் பிடிக்கிற சீட்டு இன்னொருத்தர் மூச்சு."

"நீ இங்கே இருந்தா செத்துப்போவ" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். டாக்டர் உங்ககிட்ட மட்டுமா சொன்னாரு?"

தாள் சமமாகிவிட்டது. கட்டைவிரல் சமமாகவில்லை. அவள் கை டப்பாவுக்குள் வரும்போது அது தானாக எழும். எனக்கு என்னைத் தெரியும்.

பிப்ரவரி 20, சனி

துணி துவைத்தேன். அங்கியில் பொத்தான் தைத்தேன். நாளைக்குப் பிரசங்கம் இல்லை.

பிப்ரவரி 21, ஞாயிறு

முப்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். டப்பாவைப் பலிபீடத்தின் மேல் வைத்துவிட்டு, அதைப் பிடிக்க நான் தகுதியில்லாதவன் என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அரை அங்குலம் என்பது உட்பட. விரலால் செய்தும் காட்டினேன். இத்தனை வருடம் பாவ அறிக்கையை எழுதிவைத்ததைப் பார்த்து வாசித்திருக்கிறேன். என் பாவத்தை என் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

சற்குணம்தான் முதலில் பேசினார். "ஏன் ஐயா, இதை இப்பம் சொல்லணுமா? எங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதானே?"

பீர் முகமது எழுந்தார். "அப்பம் எனக்கு வந்ததெல்லாம்?"

"உங்களுக்கு மட்டும் நான் ஒன்றும் செய்யல பாய். உங்களுக்கு எது பொருந்தும்னு எனக்குப் பிடிபடல."

"அப்பம் எனக்குத்தான் நேரா வந்திருக்கு!" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் அவருக்கு என்றும் நன்றி சொல்வேன்.

ரூபாவதி சிரிக்கவில்லை. வேதப்புத்தகத்திலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து நீட்டினாள். "இதை எனக்கு யாரு குடுத்தது?"

"நான்."

"மூணு வருஷமும்?"

"மூணு வருஷமும்."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம். இனி டப்பாவை யார் பிடிப்பது, பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரூபாவதி எழுந்து முன்னால் வந்தாள்.

"டப்பாவை நான் பிடிக்கேன். எனக்கு இங்க வேண்டியவுக யாரும் கிடையாது."

ஒவ்வொருவராக வந்து கண்ணை மூடி எடுத்தார்கள். டப்பாவைப் பிடித்த ரூபாவதி கடைசிச் சீட்டை எடுத்துக்கொண்டாள். தங்கல். மேலாளர் வாசுகிக்குத் தங்கல். சற்குணத்துக்குத் தங்கல். எனக்குப் பயணம்.

நவமணிக்குத் தங்கல்.

மாற்றிக்கொள்ளக் கூடாது என்று விதி வைத்தவன் நான். தன் வினை தன்னைச் சுடும்.

பிப்ரவரி 22, திங்கள்

பயணத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சற்குணமும் இன்னும் நாலைந்து பேரும் வாசலில் நின்றார்கள். "ஐயரம்மா இருமுத இருமல் எங்க வீட்டுச் சுவர்ல கேக்கு. எதுக்கு மறுபடி சீட்டு? அவுகளே போவட்டும்" என்றார் சற்குணம். போதகரின் மனைவி இவர்களுக்கு ஐயரம்மா.

நவமணி வெளியே வந்தாள். "எனக்கு ஒருத்தரும் உயிர்ப்பிச்சை போட வேண்டாம். பத்துப் பேருக்கும் மூச்சு ஒண்ணுதான். விதிப்படி எடுப்போம். இல்லைன்னா அந்த இடம் காலியாப் போவட்டும்."

பிடிவாதக்காரி. முப்பது வருடமாகத் தெரியும். எனக்கு ஆத்திரம் தாங்காமல் சாப்பிடாமல் போய் மணிக்கயிற்றுக்கு எண்ணெய் போட்டேன். கயிற்றுக்கு யாராவது எண்ணெய் போடுவார்களா?

பிப்ரவரி 24, புதன்

காலை பத்து மணிக்கு ஆலயத்தில் மறு சீட்டு. பத்துத் தாளில் ஒன்றில்தான் பயணம். ரூபாவதி பிடித்தாள். நான் பின்சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன். பார்த்தால் ஜெபம் வராது என்று பயம். பார்க்காமலும் வரவில்லை.

முதலில் சற்குணம். தங்கல். அடுத்தது மேலாளர். தங்கல். மூன்றாவது நவமணி.

பயணம்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. சற்குணம் சொல்லாமலே போய் மணியடித்தார். மீதி ஏழு தாளையும் பிரித்துப் பார்க்காமல் ரூபாவதி டப்பாவை மூடினாள். நான் குழந்தையைப் போல அழுதேன். அழுததை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 3, புதன்

கப்பல் வந்தது. பத்தொன்பது பேர், ஆளுக்கு ஒரு பை. நவமணி கடைசியாக ஏறினாள்.

"உங்க கட்டைவிரல் இல்லையே?" என்றாள்.

"ரெண்டு கையையும் பின்னால கட்டியிருந்தேன். சத்தியமா நான் இல்ல."

என் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். ஜனவரிக் கீறல் ஆறித் தழும்பாகியிருந்தது. "சரி" என்றாள். "திருவிருந்துக்குத் திராட்சை ஊறப்போட்டது மேல்தட்டுல இருக்கு. பதினஞ்சாம் தேதி வடிகட்டணும். மறந்திராதீங்க. துணியை நல்லாப் பிழியணும், உங்களுக்குப் பிழியத் தெரியாது." பிறகு இருமல் வந்துவிட்டது. அதற்குமேல் பேச முடியவில்லை. கதவு மூடும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 7, ஞாயிறு

எங்கள் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் சபையார். பழைய திராட்சை ரசம் கொஞ்சம் இருந்ததால் திருவிருந்து கொடுத்தேன். ரூபாவதி முழங்கால் போட்டு இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். அப்பத்தை வைக்கக் குனிந்தவன் கொஞ்சம் நின்றுவிட்டேன். அவள் வலது கட்டைவிரலில், நகத்துக்குக் கீழே, காகிதம் கீறின மெல்லிய கோடு. அந்தக் கீறல் எப்படி வரும் என்று என்னைவிடத் தெரிந்தவன் யார்?

எல்லோரும் போன பிறகு அவள் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன ஐயா, அப்படிப் பாக்கிய?"

விரலைக் காட்டினேன்.

மறைக்கவில்லை. "பீர் பாய் வீட்டுல, ஐயரம்மா போக மீதி ஒன்பது பேரும் உக்காந்து பேசினோம். மேலாளர் அம்மாவும் வந்தாவ. ஒருத்தர் விடாம எல்லாரும் சரின்னாங்க. நேரா குடுத்தா ஐயரம்மா வாங்க மாட்டாவ. அதுக்குத்தான்."

"எப்படிப் பிடிக்கணும்னு உனக்கு யார் சொல்லித் தந்தது?"

"நீங்கதான் அன்னைக்குப் பலிபீடத்துக்கு முன்னால நின்னு விளக்கமாச் சொன்னியளே. அரை அங்குலம்னு."

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "அது தப்பும்மா" என்றேன்.

"தப்புதான்" என்றாள் ரூபாவதி. "ஆனா நீங்க எங்களைக் கேக்காம செஞ்சிய. நாங்க ஒன்பது பேரையும் கேட்டுச் செஞ்சோம்." விரிப்பை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். "உங்க மேல எனக்கு இன்னும் கோவம் போகல ஐயா. போகும்போது சொல்லுதேன்."

மார்ச் 15, திங்கள்

ரசம் வடிகட்டினேன். துணியைச் சரியாகப் பிழியவில்லை.

அக்டோபர் 11, திங்கள்

கப்பல் பூமி சேர்ந்தது. நவமணி பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில். செய்தி மூன்று வரிதான். மூன்றாவது வரி ரசத்தைப் பற்றியது.

ஜனவரி 1, சனி

பன்னிரண்டு பேரும் இருக்கிறோம். துருத்தி நான்கு தடவை நின்றது. நான்கு தடவையும் பீர் முகமது அதைத் திட்டியே எழுப்பினார். நவமணிக்கு இருமல் பாதியாகிவிட்டதாம். இன்னும் ஒரு வருடமும் நாலு மாதமும் பாக்கி.

அட்டை எடுக்கிற வழக்கத்தை இந்த வருடம் விட்டுவிடலாம் என்றேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "டப்பாவை ரூபாவதி பிடிக்கட்டும், நீங்களும் எங்களோட வரிசையில நில்லுங்க" என்றார் சற்குணம். நான் அட்டை எடுத்து இருபத்திரண்டு வருடத்துக்கு மேலாகிறது. பிடிக்கிறவன் எடுப்பதில்லை.

பீர் முகமது எனக்கு முன்னால் எடுத்தார். "எனக்கு இதுவும் நேரா வந்ததுதானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

கண்ணை மூடிக் கையை நீட்டினேன். அட்டைகளின் தலைகள் விரலில் வரிசையாகத் தட்டின. நடுவில் ஒன்று மட்டும் அரை அங்குலம் உயர்ந்து நின்றது. என் கை அதன்மேல் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்திலிருந்ததை எடுத்திருக்கலாம். எதிரே ரூபாவதி மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை.

உயர்ந்து நின்றதையே எடுத்தேன்.

புது அட்டை இல்லை. நடுவில் மடிப்பு விழுந்து, மூலை மழுங்கிய பழைய அட்டை. உன்னைத் தனியே விடமாட்டேன் என்கிற வாக்கு, என் கையெழுத்தில். கணவனைப் பறிகொடுத்த வருடம் நான் ரூபாவதிக்குத் தூக்கிப் பிடித்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கட்டைவிரலை வாயில் வைத்து ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "கோவம் போயிட்டு ஐயா" என்றாள். அடுத்தவரை வரச்சொல்லி டப்பாவை நீட்டினாள்.

கர்த்தருக்கு என் வீட்டு விலாசமும் தெரியும்.